நோட்டா, சுவரா, வலைப்பூவா: மாணவர்கள் எங்கே எழுதட்டும்?

வகுப்புக்கு ஒரு வலைப்பூ (பிளாக்) தொடங்கலாமா என்று யோசிக்கும் ஆசிரியர்கள் முதலில் கேட்பது, எந்தத் தளம் நல்லது என்பதைத்தான். பிளாகரா, வேர்டுபிரஸா, பள்ளிகளுக்கென்றே இருக்கும் எடுபிளாக்ஸா? நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன். இரண்டு வாரம் தளங்களை ஒப்பிட்டேன், வார்ப்புருக்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன், கடைசியில் மாணவர்கள் 32 பேருக்கும் ஆளுக்கொரு வலைப்பூ திறந்து கொடுத்தேன். முதல் வாரம் 32 பதிவுகள் வந்தன. மூன்றாம் மாதம் எழுதிக்கொண்டிருந்தவர்கள் நான்கே பேர். மற்ற 28 வலைப்பூக்களும் "இது என் முதல் பதிவு" என்ற வரியோடு நின்றுபோயிருந்தன.

அந்த நான்கு பேரும் வகுப்பில் நன்றாக எழுதுபவர்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் நால்வரும் நண்பர்கள். ஒருவர் எழுதினால் மற்ற மூவரும் படித்துவிட்டு அடியில் ஏதாவது கேட்பார்கள். கேட்டதற்குப் பதில் சொல்லவே அடுத்த பதிவு வரும். மற்ற 28 பேரும் உலகத்துக்கே எழுதினார்கள். உலகத்திலிருந்து ஒருவரும் பதில் சொல்லவில்லை.

அந்த வருடம் எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது. எழுத்துக்குப் பதில் வருமா என்பதே முதல் கேள்வி. தளம் எது என்பது கடைசிக் கேள்வி. பதில் வந்தபின் மாணவர் அதைத் திருத்தி எழுத வழி இருக்கிறதா, ஏதாவது தப்பாகப் போனால் அடி யாருக்கு விழும் என்ற இரண்டையும் இடையில் கேட்க வேண்டும். இந்த வரிசையில் பார்த்தால், ஓர் ஆசிரியர் கையில் இருக்கும் வழிகள் ஐந்து: கட்டுரை நோட்டு, சுவர்ப் பத்திரிகை, வெளியார் நுழைய முடியாத வகுப்புத் தளம், வகுப்புக்கு ஒரே வலைப்பூ, ஆளுக்கொரு வலைப்பூ.

நோட்டு

கட்டுரை நோட்டைப் பழசு என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. எழுதுகிறவர் கூச்சமில்லாமல் தப்பு செய்யக்கூடிய இடம் அது. அடிக்கலாம், ஓரத்தில் எழுதலாம், பாதியில் விட்டுவிட்டு மறுநாள் வரலாம். யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். முதல் வரைவுக்கு இதைவிட நல்ல இடம் இன்னும் வரவில்லை.

அதன் குறை வாசகரில் இருக்கிறது. இங்கிலாந்தில் கல்வி ஆய்வாளர் ஜேம்ஸ் பிரிட்டனும் அவருடைய குழுவினரும் 11 முதல் 18 வயது வரையுள்ள மாணவர்கள் பள்ளியில் எழுதிய சுமார் 2000 எழுத்துகளைத் திரட்டி, ஒவ்வொன்றும் யாரை நோக்கி எழுதப்பட்டது என்று பிரித்துப் பார்த்தார்கள். ஆய்வு 1975இல் வெளிவந்தது. ஏறக்குறைய பாதி எழுத்து, மதிப்பெண் போடப் போகிற ஆசிரியரை நோக்கியே எழுதப்பட்டிருந்தது. மீதியிலும் பெரும்பகுதி ஆசிரியரைத் தாண்டிப் போகவில்லை.

இதனால் என்ன நஷ்டம்? ஒரு மாணவி விதை முளைக்கும் சோதனையைப் பற்றி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். "ஈரப் பஞ்சில் விதைகளை வைத்தோம். சில நாளில் முளைத்தன." ஆசிரியருக்கு இது போதும். சோதனையைச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். எத்தனை நாள், எத்தனை விதை, வெளிச்சத்தில் வைத்தார்களா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மாணவிக்கும் அது தெரியும். ஆகவே அவள் விளக்குவதில்லை, நினைவூட்டுகிறாள். இதே இரண்டு வரியை அந்தச் சோதனையைப் பார்க்காத ஒருவர் படித்தால் அடுத்த நிமிடமே கேட்பார்: சில நாள் என்றால் எத்தனை? எல்லா விதையும் முளைத்ததா? முளைக்காதவற்றை என்ன செய்தீர்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியாமல் அவள் திரும்பவும் பஞ்சைப் பிரித்துப் பார்க்கப் போவாள். தெரியாதவருக்குச் சொல்லும்போதுதான் தனக்கு எவ்வளவு தெரியும் என்பது மாணவருக்கே தெரிகிறது. வலைப்பூவின் கல்விப் பயன் என்று பலரும் பெரிதாகப் பேசுவதில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயம்தான்.

நோட்டிலேயே இதில் கொஞ்சம் சாதிக்கலாம். மதிப்பெண்ணுக்குப் பதிலாக, ஆசிரியர் உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பும் ஒரு கேள்வியை அடியில் எழுதிக் கொடுக்கலாம். மாணவர் அடுத்த பக்கத்தில் பதில் எழுதுவார். இரண்டு பேருக்குள் நடக்கும் கடிதப் போக்குவரத்து மாதிரி. கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளிடம் இது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் வாசகர் அதே ஒரே ஆள்தான்.

சுவர்

பள்ளிக்கூடத்து எழுத்துக்கு வெளி வாசகரைத் தேடியது இணையம் வந்த பிறகுதான் என்று நினைத்தால் தவறு. 1920களின் நடுவில் பிரான்ஸின் பார்-சுர்-லூ என்ற சிற்றூரில் செலஸ்தேன் ஃபிரெனே என்ற ஆசிரியர் ஒரு சிறிய அச்சு இயந்திரத்தை வகுப்புக்குள் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாங்கள் பார்த்ததை, நடந்ததைச் சொந்த நடையில் எழுதினார்கள். எதை அச்சடிப்பது என்று வகுப்பே தேர்ந்தெடுத்தது. எழுத்துகளைக் கோத்து அவர்களே அச்சடித்தார்கள். அந்தத் தாள்கள் நாட்டின் வேறொரு மூலையில் இருந்த பள்ளிக்கு அஞ்சலில் போயின. அங்கிருந்து அவர்களுடைய தாள்கள் வந்தன. ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கும் பிள்ளைக்கு எழுத்துப் பிழை எவ்வளவு முக்கியமாகப் பட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சிவப்பு மை அந்த அக்கறையைத் தருவதில்லை.

சுவர்ப் பத்திரிகையும் கையெழுத்துப் பத்திரிகையும் இந்த மரபின் எளிய வடிவங்கள். ஆபத்து என்று எதுவும் இல்லை, படம் வரைகிறவர்களுக்கும் இடம் உண்டு, பள்ளிக்கு வருகிற பெற்றோரும் நின்று படிப்பார்கள். ஆனால் இடம் சின்னது. அதனால் வழக்கமாக "நன்றாக எழுதுபவர்கள்" ஆறேழு பேருடைய எழுத்தே மாதாமாதம் சுவரில் இருக்கும்; எழுதக் கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இன்னொன்று, ஒட்டிய பிறகு தாள் பேசாது. இதற்கு ஒரு சின்ன மாற்று உண்டு. ஒவ்வொரு தாளின் கீழும் நீளமான வெற்றுத்தாள் ஒன்றை ஒட்டி, பக்கத்தில் நூலில் ஒரு பேனாவைக் கட்டித் தொங்கவிடுங்கள். படித்தவர்கள் கேள்வி எழுதட்டும். கணினியே இல்லாத பள்ளிக்கு வலைப்பூவின் பயனில் கணிசமான பங்கை இந்த வெற்றுத்தாளே கொடுத்துவிடும்.

பூட்டிய தளம்

2002இல் வந்த மூடுல், 2014இல் வந்த கூகுள் கிளாஸ்ரூம் போன்ற வகுப்புத் தளங்கள் பல பள்ளிகளில் ஏற்கனவே இருக்கின்றன. அதிலேயே எழுத வைத்துவிடலாமே என்று நிர்வாகம் சொல்லும். பாதுகாப்பு என்ற ஒரு காரணத்துக்காக நானும் சில வகுப்புகளுக்கு இதைச் சொல்வேன். ஆனால் பிள்ளைகள் கண்ணுக்கு அது வீட்டுப்பாடம் சமர்ப்பிக்கும் பெட்டி. அங்கே எழுதுவதும் வீட்டுப்பாடம் போலவே இருக்கும். விஷயம் தெரியாமல் கேள்வி கேட்கும் வெளி வாசகர் எவரும் உள்ளே வர மாட்டார். மாணவர் பள்ளியை விட்டுப் போய் அவருடைய கணக்கு மூடப்பட்டால் எழுதியதும் கைவிட்டுப் போகும். வெளியே போகும் முன் பழகிப் பார்க்க ஒரு பருவம் இங்கே இருக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

வகுப்புக்கு ஒரே வலைப்பூ

என் தேர்வு இதுதான். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கணக்கு. 32 பேர் ஆளுக்கொரு வலைப்பூவில் வாரம் ஒரு பதிவு எழுதினால், ஒன்றுக்கு 5 நிமிடம் ஒதுக்கினாலே ஆசிரியருக்கு 160 நிமிடம். எந்த ஆசிரியராலும் இதை வருடம் முழுக்கச் செய்ய முடியாது, என்னாலும் முடியவில்லை. ஒரே வலைப்பூவில் முறை வைத்து வாரம் 5 பேர் எழுதினால், ஒரு பதிவுக்கு 10 நிமிடம் கொடுத்தாலும் 50 நிமிடம்தான். பதிவுகளின் அடியில் வரும் பின்னூட்டங்களைப் பார்த்து அனுமதிக்க இன்னும் அரை மணி நேரம். சரி, இதனால் ஒரு மாணவருக்கு ஆறேழு வாரத்துக்கு ஒருமுறைதான் முறை வருகிறதே என்று கேட்கலாம். ஆமாம், வருடத்துக்கு ஐந்தோ ஆறோ பதிவுகள்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பத்துப் பேர் பதில் எழுதியிருப்பார்கள். பதிலே வராத முப்பது பதிவுகளைவிடப் பதில் வந்த ஐந்து பதிவுகள் ஒரு பிள்ளையை எவ்வளவு தூரம் நகர்த்துகின்றன என்பதை, இரண்டு விதமாகவும் நடத்திய வகுப்புகளில் நான் பார்த்துவிட்டேன்.

முறை வராத வாரங்களில் மற்ற 27 பேரும் சும்மா இருப்பதில்லை. அவர்கள் படிக்கிறார்கள், பதில் எழுதுகிறார்கள். பதில் எழுதுவதும் எழுத்துதான், பல சமயம் கட்டுரையைவிடக் கடினமான எழுத்து. "சூப்பர்", "நல்லா இருக்கு" என்பதை என் வகுப்பில் பதிலாக எடுத்துக்கொள்வதில்லை. பதிவில் உள்ள ஒரு வரியைக் குறிப்பிட்டு அது ஏன் பிடித்தது அல்லது ஏன் புரியவில்லை என்று சொல்ல வேண்டும். அல்லது பதிவில் விடை இல்லாத ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். இதை வலைப்பூ திறப்பதற்கு முன்பே இரண்டு வாரம் தாளில் பழக்கிவிட வேண்டும். பிறர் எழுத்தில் விட்டுப்போனது எது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த பிள்ளைக்குத் தன் எழுத்தில் விட்டுப்போனதும் மெல்ல மெல்லக் கண்ணில் படத் தொடங்கும். நான் இலக்கணம் நடத்தி இதைச் சாதித்ததில்லை.

அடுத்தது வெளி வாசகர். "உலகமே படிக்கும்" என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள், அது பொய். உலகம் படிக்காது. ஒரே ஒரு வெளி வகுப்பு படித்தால் போதும். 2010களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் குவாட்பிளாகிங் என்று ஒரு முறை பரவியது. நான்கு வகுப்புகள் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு வாரமும் ஒரு வகுப்பின் வலைப்பூ நடுவில் இருக்கும். மற்ற மூன்று வகுப்புகளும் அந்த வாரம் முழுக்க அதைப் படித்துப் பதில் எழுதும். அடுத்த வாரம் அடுத்த வகுப்பு. வாசகர் வருவாரா என்ற சந்தேகத்தையே இந்த ஏற்பாடு எடுத்துவிடுகிறது. நான்கு வகுப்பு கிடைக்காவிட்டால் ஒன்று கிடைத்தாலும் சரி. வேறொரு பள்ளியில் இருக்கும் பழைய நண்பரிடம் பேசினாலே வேலை முடிந்துவிடும். ஃபிரெனேயின் பிள்ளைகள் அஞ்சலில் செய்ததும் இதைத்தான்.

திருத்துவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். நோட்டில் திருத்தம் என்றால் தண்டனை. முழுதும் மறுபடி எழுத வேண்டும். வலைப்பூவில் ஒரு பத்தியை மட்டும் மாற்றலாம். வேர்டுபிரஸ் போன்ற தளங்கள் பதிவின் பழைய வடிவங்களையும் சேமித்து வைக்கின்றன. முதல் வடிவத்தையும் மூன்றாம் வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என்ன மாறியது, யார் கேட்ட கேள்வியால் மாறியது என்று மாணவரையே சொல்ல வைக்கலாம். எழுத்து கற்பித்தலில் இதைவிடப் பயனுள்ள அரை மணி நேரம் எனக்குத் தெரியாது.

வலைப்பூ வேறு சில பழக்கங்களையும் சத்தமில்லாமல் கொடுக்கிறது. ஒரு தகவலை எழுதினால் அது எங்கிருந்து கிடைத்தது என்று இணைப்புக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் "நெட்ல இருந்துச்சு" என்பது விடையல்ல என்று புரிகிறது. படம் போட வேண்டும் என்றால் யாருடைய படம் என்ற கேள்வி வருகிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002 முதல் இருக்கின்றன; எந்த நிபந்தனையோடு பிறர் படத்தை எடுத்தாளலாம் என்பதை ஒரு பாடவேளையில் சொல்லிக் கொடுத்துவிடலாம். தாங்களே எடுத்த படமும் வரைந்த படமும் என்றால் இன்னும் நல்லது. அப்புறம் தேதி. 1997இல் ஜோர்ன் பார்கர் என்ற அமெரிக்கர் இந்த வகைப் பக்கங்களை "வெப்லாக்" என்றார். 1999இல் அது "பிளாக்" என்று சுருங்கியது. லாக் என்பது கப்பலில் அன்றாடம் நடந்ததை எழுதி வைக்கும் ஏடு. தேதியோடு அடுக்கப்பட்ட எழுத்து என்பதால் வருட முடிவில் ஒரு பிள்ளை தன் முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் தானே படித்துப் பார்க்கலாம். மதிப்பெண் பட்டியலில் தெரியாத வளர்ச்சி அங்கே தெரியும்.

ஆபத்து? ஒரே வலைப்பூ என்றால் ஒரே பூட்டு. எல்லாப் பின்னூட்டமும் ஆசிரியர் அனுமதித்த பிறகே வெளியே தெரியும்படி வைக்கலாம். இதை மட்டுறுத்தல் என்பார்கள். இதை ஒருபோதும் அணைத்து வைக்காதீர்கள். முழுப்பெயர் வேண்டாம், முகம் தெரியும் படம் வேண்டாம், பள்ளிச் சீருடை தெரியும் படமும் வேண்டாம். எங்கே, எத்தனை மணிக்கு விளையாடப் போகிறோம் என்ற விவரமும் வேண்டாம். பிள்ளைகளே ஆளுக்கொரு புனைபெயர் வைத்துக்கொள்ளட்டும். அதில் அவர்களுக்கு மகிழ்ச்சிதான்.

ஆளுக்கொரு வலைப்பூ

நான் முதலில் தடுக்கி விழுந்த இடம் இது. ஆனாலும் இதைத் தள்ளிவிடச் சொல்ல மாட்டேன். சில பிள்ளைகளுக்கு இதுதான் சரி. ஒரு பொருளில் விடாப்பிடியான ஆர்வம் உள்ளவர்கள் எல்லா வகுப்பிலும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். பறவைகளையே கவனிப்பவர், சதுரங்க ஆட்டங்களைப் பிரித்துப் பார்ப்பவர், கணக்குப் புதிர் போடுபவர். அவர்களுக்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை கிடைக்கும் முறை போதாது. தன் பெயர்ப்பலகை மாட்டிய வீட்டில் எழுதும்போது அவர்களுடைய எழுத்தின் தோரணையே மாறிவிடுகிறது. பின்னால் கல்லூரிக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது, "நான் இதைச் செய்தேன்" என்று காட்ட நான்கு வருட எழுத்து கையில் இருக்கும்.

வெளி உலகம் நிஜமாகவே வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2012இல் ஸ்காட்லாந்தில் நடந்ததைப் பார்க்கலாம். 9 வயதுச் சிறுமி ஒருத்தி, தன் பள்ளியில் கொடுக்கும் மதிய உணவைத் தினமும் படம் எடுத்து, மதிப்பெண் போட்டு வலைப்பூவில் எழுதினாள். சில வாரங்களில் லட்சக்கணக்கானோர் படித்தார்கள். செய்தித்தாள்கள் எழுதின. உள்ளாட்சி நிர்வாகம் படம் எடுக்கக் கூடாது என்று தடை போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் உடனே தடையை விலக்கிக்கொண்டது. அந்த வலைப்பூ வழியாக, ஏழை நாடுகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கும் தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு 1,00,000 பவுண்டுக்கு மேல் நிதி சேர்ந்தது. கண்ணால் கண்டதை எண்ணோடும் படத்தோடும் நேர்மையாக எழுதினால் ஒரு குழந்தையின் சொல்லுக்கும் எடை உண்டு என்பது எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. ஆனால் பெரியவர்களின் கோபமும் செய்தியாளர்களின் வெளிச்சமும் அந்த 9 வயதின் மேல்தான் விழுந்தன. அவளுக்குப் பின்னால் உறுதியாக நின்ற குடும்பம் இருந்தது. எல்லாப் பிள்ளைக்கும் அப்படி இருக்காது.

2009 ஜனவரியில் பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்கிலிருந்து 11 வயது மலாலா யூசஃப்சாய் பிபிசி உருது இணையதளத்துக்கு நாட்குறிப்பு எழுதத் தொடங்கியபோது குல் மகாய் என்ற புனைபெயரில்தான் எழுதினார். அந்தச் சூழல் வேறு, நம் வகுப்பறை வேறு. ஆனால் எழுதுகிறவரை மறைத்துவிட்டு எழுத்தை மட்டும் வெளியே அனுப்ப முடியும் என்பது எல்லா வகுப்புக்கும் பொருந்தும்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1998இல் நிறைவேறிய சட்டத்தின்படி 13 வயதுக்குக் கீழுள்ளவர்களின் தகவலைத் திரட்டும் தளங்கள் பெற்றோரின் ஒப்புதல் பெற வேண்டும். பல தளங்கள் 13 வயது என்ற வரம்பை வைத்திருப்பது இதனால்தான். 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத் தரவுப் பாதுகாப்பு விதி இந்த வயதை 16 என்கிறது. உறுப்பு நாடுகள் 13 வரை குறைத்துக்கொள்ளலாம். இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே கணக்கிட்டு, பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். வயதை ஏற்றிச் சொல்லிக் கணக்குத் திறக்கும் வேலையை ஆசிரியரே சொல்லிக் கொடுக்கக் கூடாது.

இவ்வளவுக்கு எதற்குச் சிரமம், சமூக ஊடகத்தில் வகுப்புக்கு ஒரு பக்கம் போதாதா என்று சிலர் கேட்பார்கள். எழுத்து கற்பிக்க அது உதவாது. அங்கே நேற்று எழுதியதை இன்று தேடிப் பிடிப்பதே பாடு. விருப்பக்குறி எண்ணிக்கை பளிச்சென்று தெரியும், கேள்விகள் தெரியாது. பதிலுக்காக எழுதப் பழக்க வேண்டிய பிள்ளையை எண்ணிக்கைக்காக எழுதப் பழக்கிவிடும்.

இயந்திரம் எழுதிக் கொடுத்தால்?

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இந்தக் கேள்வி இல்லாமல் எந்த ஒப்பீடும் முழுமையாகாது. "மரங்களின் பயன்கள்" என்று தலைப்புக் கொடுத்தால் வலைப்பூவாக இருந்தாலும் நோட்டாக இருந்தாலும் இயந்திரம் எழுதியதே வரும். தலைப்பை மாற்றுவதுதான் வழி. "ஒரே மரத்தை ஐந்து நாள், ஒரே நேரத்தில் பார்த்துவிட்டு வா, என்ன மாறியது என்று எழுது." இதற்கு இயந்திரமும் எதையாவது எழுதித் தரும். ஆனால் தோழி பின்னூட்டத்தில், "மூன்றாம் நாள் காற்று அடித்ததே, அப்போது அந்தக் கூடு என்ன ஆயிற்று?" என்று கேட்கும்போது போய்ப் பார்த்தவளால்தான் பதில் சொல்ல முடியும். பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இருக்கும் இடத்தில் இரவல் எழுத்து நீண்ட நாள் நிற்பதில்லை. இந்த ஒரு விஷயத்தில் நோட்டைவிட வலைப்பூ முன்னால் நிற்கிறது என்பேன். நோட்டிலேயே முதல் வரைவை எழுத வைத்துவிட்டால் இரண்டின் பலமும் சேரும்.

வலைப்பூ யாருக்கு உதவும், யாருக்கு உதவாது என்பதையும் மறைக்கக் கூடாது. கையெழுத்துக் கைகூடாத பிள்ளைகளுக்கும், படிப்பதையும் எழுத்துக்கூட்டுவதையும் சிரமமாக்கும் டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கும், தட்டச்சும் குரல்வழித் தட்டச்சும் பெரிய விடுதலை. அவர்களிடம் சொல்ல இவ்வளவு இருந்ததா என்று நாம் வியந்துபோவோம். வீட்டில் கணினியோ இணையமோ இல்லாத பிள்ளைக்கு அதே வலைப்பூ அநீதி. அதனால் பதிவேற்றும் வேலையைப் பள்ளி நேரத்துக்குள் வைக்க வேண்டும். கணினி ஒன்றே ஒன்று இருந்தாலும் வாரம் 5 பேர் என்ற முறை அதற்கும் தாங்கும். இலக்கணப் பிழை தானாகச் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பிழையைப் பற்றிய அக்கறை வரும். பிழையைத் திருத்துவதை நாம்தான் கற்பிக்க வேண்டும்.

மதிப்பெண் பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு பதிவுக்கும் மதிப்பெண் போட்டால் வலைப்பூ மறுபடியும் கட்டுரை நோட்டாகிவிடும். பருவ முடிவில் மாணவரே தன் பதிவுகளில் ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுத்து, இன்னொரு முறை திருத்திக் கொடுக்கட்டும். அதற்கு மட்டும் மதிப்பெண் போடலாம். பிறருக்கு அவர் எழுதிய பதில்களில் சிறந்த மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

பத்து வயதுக்குக் கீழே என்றால் வெற்றுத்தாள் தொங்கும் சுவர்ப் பத்திரிகை. வேண்டுமானால் வகுப்பே சேர்ந்து சொல்ல, ஆசிரியர் தட்டச்சு செய்யும் ஒரு பொதுப் பதிவு வாரம் ஒன்று. பதினொன்றிலிருந்து பதினான்கு வரை நோட்டில் வரைவு, வகுப்புக்கு ஒரே வலைப்பூ, ஒரு துணை வகுப்பு. அதற்கு மேல் வயதானவர்களில் கேட்டு வருபவர்களுக்கு மட்டும் தனி வலைப்பூ, அதுவும் பெற்றோர் ஒப்புதலோடு. எல்லோருக்கும் கட்டாயமாக வேண்டாம். வாரத்தில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்க முடியாத ஆசிரியர் வலைப்பூவே தொடங்க வேண்டாம். இதைக் கடுமையாகவே சொல்கிறேன். பதிலில்லாமல் காய்ந்துபோன வலைப்பூ, தான் எழுதுவதை யாரும் படிக்க மாட்டார்கள் என்பதைத்தான் அந்தப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும். அதற்கு நூலில் கட்டிய பேனா எவ்வளவோ மேல்.

இனித் தளம். 1999இல் தொடங்கிய பிளாகர் இலவசம், எளிது. ஆனால் கூகுள் கணக்கு வேண்டும், கணக்கு ஆசிரியர் பெயரில் இருக்கட்டும். வேர்டுபிரஸ் 2003இல் வந்தது. மென்பொருள் இலவசம், பள்ளிக்குச் சொந்தத் தளம் இருந்தால் அதிலேயே நிறுவிக்கொள்ளலாம்; வேர்டுபிரஸ்.காம் தளத்தின் இலவசக் கணக்கு என்றால் விளம்பரங்கள் வரும், பிள்ளைகள் பக்கத்தில் அது வேண்டாம். எடுபிளாக்ஸ் 2005இல் தொடங்கியது, வேர்டுபிரஸ் மேல் பள்ளிகளுக்கென்று கட்டியது. மட்டுறுத்தலும் மாணவர் கணக்குகளைக் கையாள்வதும் அதில் சுலபம். மூன்றில் எதை எடுத்தாலும் பெரிய வித்தியாசம் வராது. எழுதியதை மொத்தமாக இறக்கிச் சேமிக்க முடிகிறதா என்று மட்டும் முதல் நாளே செய்து பாருங்கள். இலவசமாக இணையப் பக்கம் கொடுத்த ஜியோசிட்டிஸ் 2009இல் மூடியது. ஆசிரியர்கள் பலர் நம்பியிருந்த, வகுப்பே சேர்ந்து பக்கங்களை எழுதும் தளமான விக்கிஸ்பேஸஸ் 2018இல் மூடியது. ஆகவே பருவம் முடிகிற ஒவ்வொரு முறையும் முழு வலைப்பூவையும் பின்னூட்டங்களோடு இறக்கி ஒரு பிரதியைப் பள்ளியில் வையுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் எழுதிய பதிவுகளை, அதற்கு வந்த கேள்விகளோடு அச்செடுத்து அவரவர் கையில் கொடுத்துவிடுங்கள்.